கான்கிரீட் கூரையும் கடும் வெயிலும்: வீட்டுப் பராமரிப்பின் பொருளியல்

வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் மட்டுமன்று. நம் நாட்டின் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே வாழ்நாள் உழைப்பில் சேர்ந்த ஒரே பெருஞ் சொத்து. அச்சொத்தில் அதிகப் பணத்தை விழுங்குவதும், இயற்கையின் தாக்குதலுக்கு முதலில் இலக்காவதும் கூரையே ஆகும்.

கடந்த சில பதின்மங்களில் நாட்டின் கூரைகள் பெரும் மாறுதலை அடைந்துள்ளன. 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் குடும்பங்கள் கான்கிரீட் கூரையின் கீழ் வாழ்ந்தன. 2011ஆம் ஆண்டில் இது 29 விழுக்காடாக உயர்ந்தது. அப்போது நாட்டிலிருந்த 24 கோடியே 67 லட்சம் குடும்பங்களுள் ஏழு கோடிக்கு மேற்பட்டவை கான்கிரீட் கூரையைப் பெற்றிருந்தன. 1985-86இல் தொடங்கிய இந்திரா வீட்டு வசதித் திட்டமும், 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டமும் இம்மாற்றத்தை ஏழை மக்களின் குடியிருப்புகளுக்கும் கொண்டு சென்றன. பின்னைய திட்டத்தின் முதல் இலக்கு 2 கோடியே 95 லட்சம் வீடுகள். 2024ஆம் ஆண்டில் மேலும் 2 கோடி வீடுகள் கட்ட ஒப்புதல் அளிக்கப்பட்டது.

ஒரு நாடு எத்தனை வீடுகளைக் கட்டியது என்பது முதல் கேள்வி. கட்டிய வீடுகள் எத்தனை ஆண்டுகள் நிலைத்து நின்று பயன் தருகின்றன என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு நம்மிடம் விரிவான கணக்கு உண்டு. இரண்டாவது கேள்வி அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஐம்பது ஆண்டுகள் நிற்க வேண்டிய கூரை இருபது ஆண்டுகளில் காரை உதிர்ந்து கம்பி தெரிய நிற்குமாயின், செலவிட்ட முதலீட்டில் பாதிக்கு மேல் வீணாயிற்று என்றே கொள்ள வேண்டும். கான்கிரீட் பரப்புகள் வெப்ப நாட்டில் எவ்வாறு பழுதாகின்றன, அவற்றை மூடிப் பாதுகாக்கும் முறைகள் யாவை, எளிய முறைகள் இருந்தும் மக்கள் பராமரிப்பை ஏன் ஒத்திப் போடுகின்றனர், இதில் அரசின் பங்கு என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கான்கிரீட் பழுதாவது எவ்வாறு?

கான்கிரீட் கல்லைப் போலத் தோன்றினாலும் அது முழுவதும் கெட்டியான பொருள் அன்று. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளமாக உள்ளன. இத்துளைகளின் வழியாக நீரும் காற்றும் உள்ளே செல்கின்றன. நீரினால் கான்கிரீட்டுக்கு நேரும் தீங்கைவிட, அதனுள் பதிந்துள்ள இரும்புக் கம்பிக்கு நேரும் தீங்கே பெரிது.

புதிய கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது; அதன் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கும். இக்காரச் சூழலில் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று அமைகிறது. அப்படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. ஆயினும் காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகளில் நுழைந்து, கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் கலந்து, அதன் காரத்தன்மையைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. பி.எச். அளவு 9க்குக் கீழே இறங்கும்போது பாதுகாப்புப் படலம் அழிகிறது. அதன் பின்னர் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தொடங்கிவிடும். கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றின் குளோரைடும், கழுவப்படாத கடல் மணலும், உவர் நீரும் இவ்வழிவை மேலும் விரைவுபடுத்துகின்றன.

துருவானது மூல இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக் கொள்கிறது. உள்ளே இடமில்லாததால் அது கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. கூரையின் அடிப்பக்கத்தில் கம்பியின் நீளவாக்கில் கீறல் தோன்றுவதும், பிறகு காரை தகடு தகடாக விழுவதும் இதனால்தான். காரை விழுந்த இடத்தில் கம்பி வெளிப்பட்டு மேலும் விரைவாகத் துருப்பிடிக்கிறது. தானே தன்னை வளர்த்துக் கொள்ளும் இப்பழுதைத் தொடக்கத்திலேயே தடுக்காவிடில் பின்னர் நிறுத்துவது கடினம்.

கரியமில வாயுவின் தாக்கம் ஊடுருவும் ஆழம், காலத்தின் இருபடி மூலத்தை ஒட்டி வளர்கிறது என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்க விதி. ஒரு கூரையில் இத்தாக்கம் நான்கு ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் ஆழத்தை அடையுமானால், 20 மில்லிமீட்டரை அடையப் பதினாறு ஆண்டுகள் ஆகும். அதாவது, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போர்வையின் கனத்தை இரட்டிப்பாக்கினால், துரு தொடங்கும் காலம் நான்கு மடங்காகத் தள்ளிப் போகிறது. கம்பிக்கு அடியில் சரியான அளவுள்ள கவர் பிளாக் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இந்தியத் தர நிர்ணயக் கழகம் 2000ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, மிதமான சூழலில் 20 மில்லிமீட்டர் போர்வையையும், கடற்கரைச் சூழலில் 45 மில்லிமீட்டர் போர்வையையும் வலியுறுத்தியதன் காரணம் இதுவே.

வெயிலின் மூவகைத் தாக்கம்

குளிர்நாடுகளில் கான்கிரீட்டின் பகைவன் உறைபனி. நம் நாட்டில் அவ்விடத்தை வெயில் பிடித்துக் கொள்கிறது. வெயிலின் தாக்கத்தை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, கான்கிரீட் போடும் நாளிலேயே நிகழ்வது. விதர்ப்பம், தெலங்கானா, ராஜஸ்தான் முதலிய பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. வறண்ட காற்றும் வீசுகிறது. இந்நிலையில் ஈரமான கான்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் ஆவியாகுமாயின், கான்கிரீட் இறுகும் முன்பே மேற்பரப்பு சுருங்கி வெடிப்பு விழக்கூடும் என்பது பொறியாளர்கள் கையாளும் அளவுகோல். 25 சதுர மீட்டர் கூரையில் இது மணிக்கு 25 லிட்டர் ஆகும்.

இரண்டாவது, ஆண்டு முழுவதும் நாள்தோறும் நிகழ்வது. வெயிலில் கிடக்கும் மொட்டை மாடியின் மேற்பரப்பு கோடையில் 60 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடும். இரவில் அது 30 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். ஒவ்வொரு டிகிரி வெப்ப மாற்றத்திற்கும் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது. பத்து மீட்டர் நீளமுள்ள தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு அசைய முற்படும். சுவரும் கைப்பிடிச் சுவரும் அவ்வசைவைத் தடுக்கும் இடங்களில் வெடிப்பு உண்டாகிறது. கோடை இடிமழை சுட்டெரிக்கும் தளத்தின் மேல் திடீரெனப் பெய்யும்போது இவ்விளைவு இன்னும் கடுமையாகிறது.

மூன்றாவது, பாதுகாப்புப் பூச்சுகளின் மேல் நிகழ்வது. வெயிலும் அதிலுள்ள புறஊதாக் கதிர்களும் தார்ப் பூச்சுகளையும் மலிவான வண்ணப் பூச்சுகளையும் வறளச் செய்து, நெகிழ்வை இழக்கச் செய்கின்றன. நெகிழ்வற்ற பூச்சு தளத்துடன் சேர்ந்து அசைய இயலாமல் வெடிக்கிறது.

ஆகவே, கோடையில் வெயில் வெடிப்பை உண்டாக்குகிறது. பின்வரும் பருவமழை அவ்வெடிப்பின் வழியாகக் கம்பியைச் சென்றடைகிறது. இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே வீட்டைப் பேணுவதற்குரிய காலம் ஆகும்.

முதற் பாதுகாப்பு நீராற்றுதலே

கடையில் விற்கும் எந்தப் பூச்சும் முறையான நீராற்றுதலுக்கு ஈடாகாது. சிமெண்ட் நீருடன் சேர்ந்து இறுகும் வினை பல நாட்கள் தொடர்ந்து நடைபெறுகிறது. அவ்வினையில் உண்டாகும் பொருளே நுண்துளைகளை அடைக்கிறது. நீர் வற்றிவிட்டால் வினை நின்றுவிடும். துளைகள் திறந்தபடியே இருந்துவிடும். அதாவது, நன்கு நீராற்றிய கான்கிரீட் தன்னைத் தானே பெருமளவுக்கு மூடிக் கொள்கிறது.

ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின் 2000ஆம் ஆண்டுத் திருத்தம், சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், வறண்ட வெப்பச் சூழலில் குறைந்தது 10 நாட்களும் நீராற்ற வேண்டும் என்று வகுத்தது. எரிசாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்கு இக்காலத்தை 14 நாட்கள் வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. இன்று சிற்றூர்க் கடைகளிலும் கலப்புச் சிமெண்டே பரவலாக விற்கப்படுவதால், இரண்டாவது பரிந்துரை சிறு வீடுகளுக்கும் பொருந்துவதாகும்.

இவ்விதி எளிதாகத் தோன்றினும், அதன் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 25 சதுர மீட்டர் தளத்தின் மேல் பாத்தி கட்டி 5 சென்டிமீட்டர் உயரம் நீர் நிறுத்துவதற்கு 1,250 லிட்டர் வேண்டும். கோடையில் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், தினமும் 250 லிட்டர் ஈடு செய்ய வேண்டும். பத்து நாட்களுக்கு மொத்தம் 3,500 லிட்டர். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தில் இது இருநூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நடை. குடிநீருக்கே தொலைவு நடக்கும் ஊர்களில் இச்சுமை பெண்களின் தலைமேலேயே விழுகிறது. இரண்டு நாள் தெளித்துவிட்டு விட்டுவிடும் வழக்கத்திற்கு அறியாமையைவிட நீர்ப் பற்றாக்குறையே பெரிய காரணம் எனலாம்.

இதற்கு வழிகள் உண்டு. நனைத்த சாக்கைப் பரப்பி, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பை மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்தினால் ஆவியாதல் பெரிதும் குறையும். தேவைப்படும் நீரும் மிகக் குறையும். தளம் போடும் வேலையை மாலை வேளையில் முடிக்கலாம். ஜல்லியை நிழலில் வைத்து நீர் தெளித்துக் குளிரச் செய்யலாம். எல்லாவற்றினும் சிறந்தது, கூடிய மட்டும் தளம் போடும் வேலையைக் கடுங்கோடைக்கு வெளியே அமைத்துக் கொள்வதே.

தளத்தை மூடும் முறைகள்

நம் முன்னோர் தட்டையான கூரையை வெறுமனே வெயிலில் விட்டதில்லை. வட இந்தியாவில் தளத்தின் மேல் வைக்கோல் கலந்த களிமண்ணைக் கெட்டித்து, அதன் மேல் செங்கல் ஓடு பதிக்கும் முறை வழக்கில் இருந்தது. மேற்கு இந்தியாவில் செங்கல் துண்டுகளைச் சாந்தில் பதித்து வாட்டம் அமைத்தனர். தென்னிந்தியாவில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்துக் குத்திக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தனர். இம்முறைகள் நீரைத் தடுத்ததோடு நில்லாமல், வெயில் நேரடியாகத் தளத்தைத் தாக்காதவாறும் காத்தன. கான்கிரீட் வந்தபின், அது தானே நீரைத் தாங்கும் என்ற எண்ணத்தில் இவ்விரண்டாவது அடுக்கு கைவிடப்பட்டது. பழைய முறைகளில் கனம் மிகுதி என்பது உண்மையே. மெலிந்த தளத்தின் மேல் பொறியாளரைக் கலக்காமல் அவற்றை ஏற்றலாகாது. ஆயினும், தளத்திற்கு ஒரு தியாக அடுக்கு வேண்டும் என்ற அவற்றின் கோட்பாடு இன்றும் பொருந்துவதாகும்.

இன்று கிடைக்கும் பொருள்களை அவற்றின் வேலையைக் கொண்டு வகைப்படுத்தலாம்.

ஒன்று, சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு. ஈரமான பரப்பிலும் ஒட்டும். குளியலறைத் தளத்திற்கும், நீர்த் தொட்டிக்கும், ஓடு பதிக்கவிருக்கும் மாடிக்கும் ஏற்றது.

இரண்டு, நெகிழ்வுள்ள அக்ரிலிக் பூச்சு. வெண்ணிறத்தில் கிடைப்பது, நுண்ணிய வெடிப்புகளுடன் சேர்ந்து நீளக் கூடியது, வெயிலையும் திருப்பி அனுப்புவது. நீர் நாள்கணக்கில் தேங்கும் இடத்தில் இது நிலைக்காது. எனவே, தளத்தில் வாட்டம் சரியாக இருத்தல் வேண்டும்.

மூன்று, தார்ப் பூச்சும் தார் விரிப்பும். நீரை நன்கு தடுக்கும். ஆனால் கருமை நிறம் வெயிலை ஈர்த்துக் கொள்ளும்; திறந்த வெயிலில் விரைவில் வறளும். மேலே ஓடோ காரையோ வெளிர் நிறப் பூச்சோ இன்றி இதனை விடலாகாது.

நான்கு, சிலேன், சிலோக்சேன் வகையைச் சேர்ந்த ஊடுருவும் திரவங்கள். இவை மேலே படலமாக நில்லாமல் நுண்துளைகளின் உட்புறத்தில் படிந்து நீரை விலக்குகின்றன. உள்ளிருக்கும் நீராவி வெளியேறவும் இடம் தருகின்றன. வெளிச் சுவர்களுக்கு ஏற்றவை. வெடிப்பை அடைப்பதற்கோ, நீர் தேங்கும் தளத்திற்கோ இவை பயன்படா.

ஐந்து, சிலிகேட் கரைசல்கள். முற்றத்திலும் வண்டி நிறுத்தும் தரையிலும் தூசி எழும்பினால், இவை கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் வினைபுரிந்து மேற்பரப்பை இறுகச் செய்கின்றன. கூரையின் நீர்த்தடுப்புக்கு இவற்றை நம்பலாகாது.

எப்பொருளைத் தேர்ந்தாலும் சில விதிகள் பொதுவானவை. பாசி, தூசி, உதிரும் பூச்சு ஆகியவற்றைத் தேய்த்து அகற்றிக் கழுவ வேண்டும். வெடிப்பைச் சற்றே அகலமாக வெட்டிச் சுத்தம் செய்து, நெகிழ்வுள்ள அடைப்பானால் நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தினால் வளைவாக மெழுகுதல் வேண்டும். ஒழுக்கின் பெரும்பகுதி தொடங்குவது அம்மூலையிலும் நீர்த் தூம்பைச் சுற்றியுமே ஆகும். தளத்திற்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேனும் வாட்டம் வேண்டும். ஈரம் உள்ளே இருக்கும்போது நீராவி புகாத பூச்சால் மூடிவிட்டால், வெயிலில் அவ்வீரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பிவிடும். ஆகவே, படலமாக நிற்கும் பூச்சுகளைப் புதுத் தளத்தில் 28 நாட்களுக்குப் பிறகு, உலர்ந்த நிலையில், வெயில் ஏறும் முன்போ சாய்ந்த பின்போ, ஒன்றன் மேலொன்றாக இரு முறை பூசுவது நன்று. முடிந்தபின் தூம்பை அடைத்து இரண்டு நாள் நீர் நிறுத்திச் சோதித்துவிட வேண்டும்.

வசதி குறைந்த குடும்பத்திற்கு எளிய வழியும் உண்டு. வெடிப்புகளையும் மூலைகளையும் மட்டும் நல்ல பொருளால் அடைத்து, முழுத் தளத்திற்கும் ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் சுண்ணாம்பு அடிப்பதே அது. சுண்ணாம்பு தனித்து நீரைத் தடுக்காது. ஆனால் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி, தளத்தின் அன்றாட விரிவையும் சுருக்கத்தையும் குறைக்கிறது. வீட்டினுள் வெப்பம் தணிவது கூடுதல் நன்மை. 2013ஆம் ஆண்டில் வெப்ப அலைச் செயல் திட்டத்தை வகுத்த அகமதாபாத் நகராட்சி, பின்னர் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெண்பூச்சு இடுவதை ஊக்குவித்தது. தெலங்கானா அரசு 2023ஆம் ஆண்டில், 2028 வரைக்குமான குளிர் கூரைக் கொள்கையை வெளியிட்டது. இவை மக்களின் உடல்நலம் கருதிய முயற்சிகள். அதே வெண்பூச்சு கூரையின் ஆயுளையும் நீட்டிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவற்றின் பயன் மேலும் பெரிதாகத் தெரியும்.

ஆண்டுக்கு இரு நாள் பணி

பராமரிப்பு என்பது பெரிய வேலை அன்று. ஆண்டுக்கு இரண்டு நாட்களை ஒதுக்கினால் போதும்.

கோடைக்கு முன் ஒரு நாள்: தளத்தைப் பெருக்கிக் கழுவி வெடிப்புகளைக் குறித்துக் கொள்ளுதல், அடைத்தல், வெள்ளையடித்தல், தூம்புகளைத் துப்புரவு செய்தல், சுவரோரத்தில் முளைத்த அரசஞ் செடியையும் ஆலஞ் செடியையும் வேரோடு களைதல்.

பருவமழைக்குப் பின் ஒரு நாள்: வீட்டினுள் மேற்கூரையில் ஓதம், பழுப்புக் கறை, வெண்ணிற உப்புப் படிவு உள்ளனவா என நோக்குதல். கூரையின் அடிப்பக்கத்தையும், வீட்டின் மிக மெலிந்த உறுப்பாகிய சன்ஷேடையும் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தல். கணீரென்று ஒலித்தால் நலம். பொள்ளலான ஓசை எழுந்தால் காரை பிடிப்பை விட்டிருக்கிறது என்று பொருள். அதன் கீழ் குழந்தைகளை உறங்க வைத்தல் கூடாது.

கம்பி துருப்பிடித்து வெளிப்பட்ட இடத்தில் வெறுமனே சிமெண்டை அப்பி மறைப்பது பரவலான தவறு. உள்ளே துரு வளர்ந்து, அடுத்த ஆண்டே அப்பூச்சையும் தள்ளிவிடும். பழுதான கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றி, துருத் தடுப்புப் பூச்சு இட்டு, பாலிமர் கலந்த சாந்தினால் நிரப்புவதே முறை. கம்பி பெருமளவு மெலிந்திருந்தால் பொறியாளரைக் கலத்தல் இன்றியமையாதது.

பராமரிப்பை ஏன் ஒத்திப் போடுகிறோம்?

டி சிட்டர் என்ற பொறியியலார் 1984ஆம் ஆண்டில் ஐந்தின் விதி என்று வழங்கும் கணிப்பை முன்வைத்தார். கட்டும்போது சரியாகச் செய்ய ஒரு ரூபாய் ஆகுமிடத்தில், அதனை விட்டுவிட்டால் பழுது தொடங்கும் முன் காக்க ஐந்து ரூபாயும், பழுது தொடங்கியபின் சரி செய்ய இருபத்தைந்து ரூபாயும், முற்றியபின் புதுப்பிக்க நூற்றிருபத்தைந்து ரூபாயும் ஆகும் என்பது அதன் சாரம். இது துல்லியமான கணக்கன்று, வழிகாட்டும் அளவுகோலே. எனினும் அது காட்டும் திசை உண்மையானது.

அவ்வாறாயின், மக்கள் ஏன் முதலிலேயே செலவிடுவதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பொருளியல் நோக்கில் வேறொரு விடை கிடைக்கிறது. இன்று 1,000 ரூபாய் செலவிட்டால், பத்தாண்டுகளுக்குப் பின் வரவிருக்கும் 5,000 ரூபாய்ச் செலவைத் தவிர்க்கலாம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 8 விழுக்காட்டு வட்டியில் பணம் கிடைக்கும் குடும்பத்திற்கு, அந்த 5,000 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 2,316 ரூபாய். எனவே 1,000 ரூபாயை இன்றே செலவிடுவது ஆதாயம். நூற்றுக்கு மாதம் இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பத்திற்கு, அதே 5,000 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 582 ரூபாயே. அக்குடும்பத்தின் நிலையிலிருந்து பார்த்தால், செலவை ஒத்திப் போடுவதே அறிவுடைமை!

இங்குதான் தனி மனிதர் கணக்கும் சமுதாயக் கணக்கும் பிரிகின்றன. குடும்பம் ஒத்திப் போடும் செலவு மறைந்துவிடுவதில்லை. பின்னாளில் அது மீண்டும் ஒரு வீட்டு மானியமாக, விபத்துச் சிகிச்சையாக, சில வேளைகளில் உயிரிழப்பாகத் திரும்பி வருகிறது. வீடமைப்புக்கு நிதி தரும் அரசு, மகாஜனின் வட்டியைக் கொண்டன்றிச் சமுதாயத்தின் வட்டியைக் கொண்டே இதனை மதிப்பிட வேண்டும். அவ்வாறு மதிப்பிட்டால், பராமரிப்புக்கு அளிக்கும் சிறு உதவி, புதிய வீட்டுக்கு அளிக்கும் பெரும் உதவிக்குச் சளைத்ததன்று என்பது விளங்கும்.

முன்மாதிரிகள் நம்மிடமே உள்ளன

பராமரிப்புக்கெனத் தனி நிதி என்பது நமக்குப் புதிய கருத்தன்று. பம்பாய் நகரில் பழைய கட்டடங்களின் பழுது பார்ப்புக்காக 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, கட்டடங்களின் மீது தனி வரி விதிக்கப்பட்டது. பன்னிரண்டாவது நிதிக்குழு 2005-10 காலத்திற்கு, மாநிலங்களின் பொதுக் கட்டடங்களையும் சாலைகளையும் பராமரிக்கவென்றே மானியம் பரிந்துரைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையைப் போடும் ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டுகள் அதனைப் பராமரிக்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது.

கிராமத்துச் சாலைக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பை முன்கூட்டியே சிந்தித்த நாம், அச்சாலை சென்று சேரும் வீட்டுக்கு அதனைச் சிந்திக்கவில்லை. வீட்டு மானியத்தின் தவணைகள் கட்டுமானத்தின் படிநிலைகளுடன் இணைக்கப்பட்டுள்ளன; வீடு முடிந்ததும் தவணையும் முடிகிறது. இக்குறையை நீக்கப் பின்வரும் நடவடிக்கைகள் கருதத்தக்கவை.

1. தளம் போடுவதற்குரிய தவணையை அளிக்கும் காலத்தை, அந்தந்த வட்டாரத்தின் பருவநிலையோடும் நீர் நிலையோடும் பொருத்துதல்.

2. தளம் போட்டதைக் காட்டும் புகைப்படத்தோடு, பத்தாம் நாள் ஈரச் சாக்கு மூடியிருப்பதைக் காட்டும் புகைப்படத்தையும் ஆய்வுக்குரியதாக்குதல். சாக்குக்கும் விரிப்புக்கும் ஆகும் சிறு செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்தல்.

3. ஊரகக் கொத்தனார்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியில், கவர் பிளாக் வைத்தல், நீராற்றுதல், மூலை மெழுகுதல், துருப்பழுது நீக்கல் ஆகியவற்றுக்குத் தனிப் பாடம் அமைத்தல்.

4. மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாயிலாக வீட்டுப் பராமரிப்புச் சேமிப்பையும், குறைந்த வட்டிச் சிறு கடனையும் ஏற்படுத்துதல். சமவெளிப் பகுதிகளுக்கென 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 1,20,000 ரூபாய் உதவித் தொகையை அடிப்படையாகக் கொண்டால், அதில் ஒரு விழுக்காடு ஆண்டுக்கு 1,200 ரூபாய். மாதத்திற்கு 100 ரூபாய். நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் திரளும். தேவைப்படும் வீடுகளுக்கு முறை வைத்து இதனைச் செலவிடலாம். சாக்கு, சுத்தியல், தூரிகை போன்ற கருவிகளைப் பொதுவில் வாங்கி வைக்கலாம்.

5. கோடைக்கு முன் நடைபெறும் வெண்பூச்சு இயக்கங்களை வெடிப்பு அடைக்கும் பணியுடன் இணைத்தல். வெண்பூச்சுக்காக ஒருவர் மாடி ஏறும் அதே நாளில் வெடிப்பையும் அடைத்துவிட்டால், ஒரே கூலியில் இரு பயன்கள் விளையும்.

முடிவுரை

திட்டமிடுதல் என்பது புதியன படைப்பது மட்டுமன்று. படைத்தவற்றைத் தேயவிடாமல் காப்பதும் ஆகும். தொழிற்சாலை இயந்திரத்திற்குத் தேய்மானம் கணக்கிட்டு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் நாம், கோடிக்கணக்கான சிறு வீடுகளைத் தேய்மானமே இல்லாத பொருள்கள் போல நடத்தி வருகிறோம். கான்கிரீட் கூரை பெற்ற குடும்பம், ஆண்டுதோறும் கூரை வேயும் செலவிலிருந்து விடுபட்டது உண்மையே. அச்செலவில் ஒரு சிறு பகுதியையேனும் தொடர்ந்து கூரைக்கு ஒதுக்கினால்தான், அவ்விடுதலை அடுத்த தலைமுறைக்கும் நீடிக்கும். நீராற்றும் பத்து நாட்கள், ஆண்டுக்கு இரு நாள் பணி, மாதம் நூறு ரூபாய் சேமிப்பு ஆகிய மூன்றும் எக்குடும்பத்தின் ஆற்றலுக்கும் எட்டாதவை அல்ல. அவற்றை எட்டச் செய்யும் ஏற்பாடுகளை அமைப்பது அலுவலர்களின் கடமை ஆகும்.